கிலோமீற்றரில் தோற்ற கண்ணாடி

புளோரைட்டுக் கண்ணாடியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணில் இருந்துதான் தொடங்குகிறார்கள்: கிலோமீற்றருக்கு 0.01 டெசிபெல். அந்தக் கண்ணாடியில் இழுத்த நாருக்குள் ஒளி ஒரு கிலோமீற்றர் ஓடினால் அவ்வளவுதான் தேயும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. சாதாரண சிலிக்கா நார்களில் அந்தத் தேய்வு ஏறத்தாழ 0.2. எண்ணாகப் பார்த்தால் இருபது மடங்கு. ஒளியாகப் பார்த்தால் அதைவிட எவ்வளவோ அதிகம். தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே 2006இல் போட்ட பாரத்–லங்கா கடல்வடம் சுமார் 320 கிலோமீற்றர் நீளமானது. அந்தத் தூரத்தை 0.2 என்ற கணக்கில் கடந்தால், ஒரு கரையில் விட்ட ஒளியில் இருபத்தைந்து இலட்சத்தில் ஒரு பங்குதான் மறுகரைக்கு வரும். 0.01 என்றால் கிட்டத்தட்டப் பாதி வந்து சேரும்.

இப்படி ஒரு பொருள் உண்டு என்று கேட்டால் யாருக்கும் ஆசை எழும். யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவின் வாசலில், மடத்துவெளியில் இருந்து இதை எழுதுகிற எனக்கு அந்த ஆசையைச் சோதித்துப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கண்ணாடியின் முதன்மைக் கூறு சிர்கோனியம். புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடும் ரூட்டைலோடும் சிர்கோனியத்தின் தாதுவான சிர்கோனும் கிடக்கிறது. அக்கரையில் மணவாளக்குறிச்சி மணலில் அதே சிர்கோன். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணுவுலைகளுக்காகச் சிர்கோனியம் ஒட்சைட்டும் உலோகமும் செய்யும் ஆலை 2009 முதல் இயங்குகிறது. ஆகவே "மண் எங்களுடையது, கண்ணாடி மட்டும் வேறு யாரோ செய்கிறார்கள்" என்ற பேச்சு எழுவது இயல்பு. அந்தப் பேச்சில் நியாயம் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்த 0.01 என்ற எண்ணையே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

எண் பொய் அல்ல. கண்ணாடிக்குள் ஒளி சிதறுவது அலைநீளம் கூடக்கூட நான்காம் அடுக்கில் குறையும். 1.55 மைக்ரோமீற்றரில் இருக்கும் சிதறல் 2.5 மைக்ரோமீற்றருக்குப் போனால் ஏழில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சிலிக்காவால் அங்கே போக முடியாது. சிலிக்கனும் ஒட்சிசனும் இறுக்கமாகப் பிணைந்து அதிர்வதால் 1.6ஐத் தாண்டியதுமே அது ஒளியைத் தானே உறிஞ்சத் தொடங்கும். சிர்கோனியம் கனமான அணு, புளோரினோடு அதன் பிணைப்பும் தளர்வு. அதனால் உறிஞ்சும் எல்லை நீண்ட அலைநீளங்களுக்குத் தள்ளிப் போகிறது. சிதறல் குறைந்த அந்த வெளி ஒளிக்குத் திறக்கிறது. பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் மார்சல் புலேன், மிஷேல் புலேன், ஜாக் லூகா ஆகியோர் 1974இல் லேசருக்கான புதிய படிகங்களைத் தேடியபோது எதிர்பாராமல் கையில் கிடைத்தது இந்தக் கண்ணாடி. சிர்கோனியம், பேரியம், லந்தனம், அலுமினியம், சோடியம் என்ற ஐந்தின் புளோரைட்டுகளும் சேர்ந்த கலவை பின்னர் நிலைபெற்றது; அந்தப் பெயர்களின் தலையெழுத்துகளைக் கோத்து அதை "செட்பிளான்" என்கிறார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் பிரித்தானிய, ஜப்பானியத் தொலைத்தொடர்பு ஆய்வகங்கள் இதன் பின்னால் ஓடின. அவற்றின் தெம்புக்கு வரலாற்று ஆதாரமும் இருந்தது. 1966இல் சார்ள்ஸ் காவோ, கண்ணாடி ஒளியைத் தின்பது அதன் இயல்பால் அல்ல, அதிலுள்ள அழுக்கால் என்று வாதிட்டார். அழுக்கை நீக்கினால் போதும் என்றார். அப்போது அதை நம்பியவர்கள் குறைவு. 1970இல் கோர்னிங் நிறுவனம் கிலோமீற்றருக்கு 20 டெசிபெல் என்ற எல்லையை உடைத்தது. 1979இல் ஜப்பானில் 0.2 எட்டப்பட்டது. சிலிக்காவில் நடந்தது புளோரைட்டிலும் நடக்கும் என்று எதிர்பார்த்ததில் தவறில்லை.

நடக்கவில்லை. 1990 அளவில் மிகச் சிறந்த புளோரைட்டு நாரில் பதிவான தேய்வு கிலோமீற்றருக்கு 0.45 டெசிபெல், அதுவும் சில பத்து மீற்றர் நீளமான துண்டில். 320 கிலோமீற்றருக்கு அந்த எண்ணைப் பொருத்தினால் இரண்டரைக் கோடி கோடியில் ஒரு பங்கு ஒளிதான் மறுமுனைக்கு வரும்.

ஏன் நடக்கவில்லை என்பதுதான் இந்த விடயத்தின் உயிர்நிலை. புகழ்ந்து எழுதுகிறவர்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சிலிக்கா நாருக்கான கண்ணாடியை மணலை உருக்கிச் செய்வதில்லை. சிலிக்கன் நாற்குளோரைட்டு என்ற திரவத்தில் இருந்து செய்கிறார்கள். அது 58 பாகை செல்சியசுக்குள்ளேயே கொதித்து ஆவியாகும். இரும்பு, செம்பு, கோபால்ற்று ஆகியவற்றின் குளோரைட்டுகள் அந்த வெப்பத்தில் ஆவியாகாமல் அடியில் தங்கிவிடும். ஆக, செய்முறையே சுத்திகரிப்பு. ஆவி ஒட்சிசனோடு சேர்ந்து குழாயின் உட்சுவரில் கண்ணாடியாகப் படிகிறது. பாத்திரம் என்று ஒன்று உருகலைத் தொடுவதே இல்லை. காவோவின் வாதம் வென்றதற்கு இந்த வேதியியல் வசதி பாதிக் காரணம்.

புளோரைட்டுக்கு அந்த வசதி இல்லை. சிர்கோனியம் புளோரைட்டு உயர்ந்த வெப்பத்தில் பதங்கமாகும். பேரியம் புளோரைட்டு அப்படி ஆவியாகாது. ஐந்து தூள்களையும் தனித்தனியே சுத்தம் செய்து, தண்ணீர் நீங்கிய கையுறைப் பெட்டிக்குள் நிறுத்துக் கலந்து, பிளாற்றினம் அல்லது பொன் புடக்குகையில் 800 பாகையை ஒட்டி உருக்கி, அச்சில் வார்க்க வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு கறையைச் சேர்க்கக்கூடும். புடக்குகைச் சுவரில் இருந்து பிளாற்றினத் துகள் வரும். வார்க்கும்போது குமிழி நுழையும். தூளிலேயே இரும்பு இருக்கும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு இரும்பு இருந்தாலே 2.5 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் கிலோமீற்றருக்குச் சுமார் 15 டெசிபெல் போய்விடும். அப்படியானால் இரும்பை நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 0.015. வாக்குறுதி தந்த 0.01ஐ அந்த ஒரு மாசே தின்று முடித்துவிடுகிறது. கோபால்ற்று, நியோடிமியம், ஈரம் எல்லாம் அதற்கு மேல்.

இன்னொரு இடர் உருகலின் குணத்திலேயே இருக்கிறது. சிலிக்கா 2000 பாகையிலும் தேன்போல் தடித்திருக்கும், நிதானமாக இழுக்கலாம். புளோரைட்டு உருகல் தண்ணீர்போல் ஓடும். குளிரும்போது அதன் அணுக்கள் விரைவாக ஒழுங்குபட்டுப் படிகங்களாகிவிடும். நார் இழுப்பது 300 பாகையை ஒட்டி. அதற்குச் சில பத்துப் பாகை மேலே போனால் படிகம் முளைக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்படிகமும் ஒளியைச் சிதறடிக்கும்.

இவ்வளவும் சேர்ந்தே புளோரைட்டைத் தோற்கடித்தன என்றாலும், கடைசி அடி வெளியில் இருந்து விழுந்தது என்பதே என் கணிப்பு. 1987இல் ஏர்பியம் கலந்த நார்ப் பெருக்கி வந்தது. தேய்ந்த ஒளியை மின்னாக மாற்றாமல், ஒளியாகவே வழியில் பெருக்கிக்கொள்ளலாம். 1990களின் நடுவில் அத்திலாந்திக் கடல்வடங்களிலேயே அது ஏறிவிட்டது. தேய்வே இல்லாத நார் தேவை என்ற அவசரம் அதோடு தணிந்தது. அந்தப் பெருக்கி வேலை செய்வதும் 1.55 மைக்ரோமீற்றரில். 2.5க்குப் போக விரும்புகிறவர் நாரை மட்டும் மாற்றினால் போதாது. ஒளிமூலம், பெருக்கி, உணரி எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும் அந்தச் செலவை ஏற்கத் துணியவில்லை. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு அப்படித்தான் இருந்தது.

பழைய கனவுக்கு இப்போது விண்வெளியில் மறுபிறப்புத் தேடுகிறார்கள். நாசாவின் மார்ஷல் நிலையத்தில் டெனிஸ் ரக்கர் 1990களில் செய்த சோதனைகள் இதன் தொடக்கம். சில நொடிகள் எடையின்மை தரும் விமானப் பாய்ச்சலில் நாரைச் சூடாக்கியபோது, தரையில் படிகமாகிய கண்ணாடி அங்கே தெளிவாகவே நின்றது. எடையில்லாத இடத்தில் உருகலுக்குள் கனமானது கீழும் இலேசானது மேலுமாகப் பிரிவதில்லை, சூட்டால் எழும் சுழற்சியும் இல்லை என்பது விளக்கம். 2017 டிசம்பரில் "மேட் இன் ஸ்பேஸ்" நிறுவனத்தின் இழுக்கும் கருவி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. 2024இல் "ஃபுளோலெஸ் ஃபொட்டோனிக்ஸ்" அங்கே 5 கிலோமீற்றருக்கு மேல் நார் இழுத்தது.

இதை எள்ளி ஒதுக்குகிறவர்கள் முதலில் எடுப்பது ரொக்கெட் செலவை. அந்த வாதம் வலுவற்றது. கணக்குப் போட்டால் தெரியும். தலைமயிர் தடிப்பில், 125 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள செட்பிளான் நார் ஒரு கிலோமீற்றருக்கு 53 கிராம் அளவுதான் நிறை. தூத்துக்குடியில் இருந்து கல்கிசை வரை ஒரு நாருக்கு 17 கிலோ போதும். வாக்குறுதி மெய்யானால், அவ்வளவு எடையை மேலே அனுப்பி இறக்குவது தாங்கக்கூடிய செலவே.

என் ஆட்சேபம் வேறு. எடையின்மை படிகத்தைத் தடுக்கலாம், இரும்பை நீக்காது. தூளில் இருந்த மாசு பூமியில் இருந்தே கூடப் போகிறது. 0.45க்கும் 0.01க்கும் இடையிலான பள்ளத்தில் எவ்வளவு படிகத்தால், எவ்வளவு மாசால், எவ்வளவு குமிழியால் என்று பிரித்துக் காட்டாமல், எடையின்மை ஒன்றே பள்ளத்தை நிரப்பும் என்பது வாதத்தின் நடுவில் ஒரு படியை விழுங்கிவிடுவது. விண்வெளிச் செய்திகளில் முன்னிற்பது எத்தனை கிலோமீற்றர் இழுத்தார்கள் என்ற எண். நாரின் தரத்தைச் சொல்வது நீளம் அல்ல, தேய்வு. ஒரு கிலோமீற்றர் துண்டில் 0.1க்குக் கீழே தேய்வு என்று நிறுவனத்தைச் சாராத ஓர் ஆய்வகம் அளந்து வெளியிட்டால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அதுவரை இது மதிக்கத்தக்க பரிசோதனை. தொழில் என்று அழைக்க நேரம் வரவில்லை.

அந்த நேரம் வருமுன்னரே போட்டியாளர் கோட்டைத் தாண்டிவிட்டார். நடுவில் கண்ணாடியே இல்லாமல், வெற்றுக் குழலுக்குள் காற்றில் ஒளியை ஓட்டும் நார்களை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்ரனில் பல ஆண்டுகளாக வளர்த்து வந்தார்கள். 2025இல் அவர்களும் மைக்ரோசொப்டும் வெளியிட்ட அளவு கிலோமீற்றருக்கு 0.091 டெசிபெல். கல்கிசைக்கு எண்ணூறில் ஒரு பங்கு ஒளி வந்து சேரும். சுற்றியுள்ள சுவர் பழைய சிலிக்காதான். அலைநீளமும் பழைய 1.55தான், இருக்கிற லேசரும் பெருக்கியும் அப்படியே பொருந்தும். புளோரைட்டு கேட்ட முழு மாற்றத்தை இது கேட்கவில்லை. நெடுந்தூர வழக்கில் தீர்ப்பை நான் இங்கேயே எழுதிவிடுகிறேன்: புளோரைட்டு தோற்றது, மேன்முறையீட்டில் வெல்லும் சாத்தியமும் மிகக் குறைவு.

ஆனால் கிலோமீற்றரை விட்டு மீற்றருக்கு வாருங்கள். வேறொரு பொருளைச் சந்திப்பீர்கள்.

சிலி நாட்டின் பரனால் மலையில் 8.2 மீற்றர் ஆடி கொண்ட நான்கு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக்கும் "கிராவிற்றி" என்ற கருவி இருக்கிறது. நான்கு ஒளிகளும் ஒரு அலைநீளத்தின் சிறு பின்னம்கூடப் பிசகாமல் சந்திக்க வேண்டும். இரண்டு மைக்ரோமீற்றருக்கு மேலான அந்த அகச்சிவப்பில் ஒளியை உள்ளே கொண்டுசெல்வது புளோரைட்டுக் கண்ணாடி நார். நம் பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளைக்கு மிக அருகே எஸ்2 என்ற விண்மீன் 2018 மே மாதத்தில் சுழன்று போனதை அந்தக் கருவி பின்தொடர்ந்தது. ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்புச் செம்பெயர்ச்சி அங்கே உறுதியானது. ஹவாயின் மௌனா கியாவில் "ஸ்பிரூ" என்ற நிறமாலைமானிக்கும் புளோரைட்டு நார்தான். நார்களைச் செய்வது ரென் நகருக்கு அருகே 1977இல் தொடங்கிய "லெ வெர் ஃபுளோரே" என்ற சிறிய நிறுவனம். கண்டுபிடிப்பு நடந்த ஊரை விட்டு அந்தத் தொழில் அதிகம் நகரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2.94 மைக்ரோமீற்றர் லேசர் ஒளியைத் தண்ணீர் மிகக் கடுமையாக உறிஞ்சும். அதனால் பல்லையும் தோலையும் சுற்றுப்புறம் கருகாமல் வெட்டலாம். அந்த ஒளியைச் சிலிக்கா நாரில் கொண்டுபோகவே முடியாது; சில மருத்துவக் கருவிகளில் புளோரைட்டு நார் கொண்டுபோகிறது. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் ஏர்பியம் கலந்த புளோரைட்டு நாரையே லேசராக்கி, 2.8 மைக்ரோமீற்றரை ஒட்டி 40 வாற்றுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். இங்கெல்லாம் நாரின் நீளம் சில மீற்றர். 0.45 என்ன, மீற்றருக்கு 0.01 டெசிபெல் போனாலும், அதாவது கிலோமீற்றருக்கு 10 போனாலும், வேலை கெடாது. கடல்வடத்துக்குப் போதாத தூய்மை இங்கே தாராளமாகப் போதும். தான் வாக்களித்த இடத்தில் தோற்ற பொருள் யாரும் வாக்குக் கேட்காத இடத்தில் மாற்றில்லாமல் நிற்கிறது.

இனி எங்கள் மண் பற்றிய பேச்சு. முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும்: புளோரைட்டுக் கண்ணாடியில் சிலிக்கா அறவே இல்லை. வடமராட்சி கிழக்கில் அம்பன், நாகர்கோவில் பக்கத்துச் சிலிக்கா மணலை அகழ்வதற்கு இந்தக் கண்ணாடியை யாரும் காரணம் காட்ட முடியாது. அல்லைப்பிட்டியும் மண்கும்பானும் மணல் போய் எப்படி ஆயின என்று யாழ்ப்பாண வீதியில் போய்வருகிற தீவார் அனைவருக்கும் தெரியும். உயர் தொழில்நுட்பம் என்ற பெயரில் இன்னொரு குழி எங்களுக்கு வேண்டாம்.

சிர்கோன்? அதற்கும் கணக்கே பதில் சொல்கிறது. செட்பிளானின் நிறையில் சிர்கோனியம் மூன்றில் ஒரு பங்கு. சிர்கோன் மணலில் அது பாதி. சேதாரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கல்கிசை வரையிலான ஒரு நாருக்கு 12 கிலோ சிர்கோன் போதும்: சீமெந்துப் பையொன்றில் கால்வாசி. ஒரு தொன்னில் இருந்து 27,000 கிலோமீற்றர் நார். மீற்றர் கணக்கில் விற்கும் ஒரு பொருளுக்குக் கனிமம் ஒரு செலவே அல்ல. புல்மோட்டை மணலை வைத்திருப்பதால் இந்தத் தொழிலில் எங்களுக்கு எந்த முன்னுரிமையும் இல்லை. பிரான்சில் ரென் நகர் இருக்கும் பிரெத்தான் பகுதியில் சிர்கோன் சுரங்கம் இருந்ததால் அந்த நகர் இதைச் செய்யவும் இல்லை. விலை முழுவதும் சுத்திகரிப்பில் இருக்கிறது.

அந்தச் சுத்திகரிப்பும் பழையகாயல் செய்கிற சுத்திகரிப்பு அல்ல. அணுவுலைக்கு ஹாப்னியம் ஆகாது, நியூத்திரனைத் தின்றுவிடும். சிர்கோனியத்தில் இருந்து அதைப் பிரிப்பதுதான் அங்கே பெரும்பாடு. கண்ணாடிக்கு ஹாப்னியம் தொல்லையே இல்லை; நாரின் வெளியுறைக்கு ஒளிமுறிவுச் சுட்டியைச் சற்றுக் குறைக்க, சிர்கோனியம் புளோரைட்டில் ஒரு பகுதியை விலக்கி ஹாப்னியம் புளோரைட்டை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அங்கே பகை, இங்கே துணை. ஆகவே "அக்கரையில் அணுத்தரச் சிர்கோனியம் இருக்கிறதே" என்ற வாதமும் பாதி தூரம்தான் வரும். ஆவியும் கரைப்பானும் கொண்டு உலோகங்களைப் பிரிக்கத் தெரிந்த வேதியியலாளர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும் மெய்யான மூலதனம்.

காந்திகிராம் உட்படத் தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் அருமண் கலந்த புளோரோபோரேற்றுக் கண்ணாடிகளின் நிறமாலையை அளந்து நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அவை போரன் ஒட்சைட்டை அடிப்படையாகக் கொண்ட சிறு வில்லைகள். திறந்த உலையில் உருக்கி வார்க்கக்கூடியவை. நூறு கோடியில் ஒரு பங்கு இரும்போடு போராடுவதும் ஈரம் புகாத பெட்டிக்குள் நார் இழுப்பதும் வேறு கலை. முதலாவதில் தேர்ந்ததால் இரண்டாவது கைவந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

தீவுப்பகுதியில் ஓர் ஆலை என்ற யோசனைக்கு என் பதில் தெளிவானது: கூடாது. ஈரம் இந்தக் கண்ணாடிக்கு எதிரி. எங்கள் தீவுக்கு வரும் வாணர் தாம்போதியின் இருபுறமும் கடல், ஆண்டு முழுவதும் உப்பு ஈரம். அதையாவது இயந்திரத்தால் உலர்த்தலாம். கழிவை என்ன செய்வது? மூலப்பொருளில் எஞ்சிய ஒட்சைட்டைப் புளோரைட்டாக மாற்ற அமோனியம் பைபுளோரைட்டு சேர்க்கிறார்கள். அது சூட்டில் ஐதரசன் புளோரைட்டைக் கக்கும். தோலுக்குள் ஊடுருவி எலும்பு வரை போகும் நஞ்சு அது. எங்கள் தீவுகளில் நன்னீர் என்பது சுண்ணக்கல்லுக்கும் மணலுக்கும் இடையே, உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் நட்டஈட்டுத் தீர்ப்பில் முடிந்தது. பெருநிலத்திலேயே அந்த நிலை என்றால், பவுசரில் தண்ணீர் எதிர்பார்க்கும் தீவில் புளோரைட்டுக் கழிவுக்கு இடம் கொடுப்பது தற்கொலை.

ஆய்வகம் என்றால் என் பதில் மாறும். மீற்றர் கணக்கில் வாழும் பொருளுக்குப் பேராலை தேவையில்லை. ஒரு கையுறைப் பெட்டி, ஒரு சிறிய உலை, ஒரு இழுகோபுரம், மாசை அளக்கும் கருவி, பத்தாண்டு பொறுமை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பெளதிகவியல் துறையும் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடமும் சேர்ந்து தொடங்கக்கூடிய அளவு இது. தொடக்கத்தில் கண்ணாடி உருக்கவே வேண்டாம். வாங்கிய நாரை வெட்டுதல், முனை மினுக்குதல், சிலிக்கா நாரோடு இணைத்தல், ஈரத்தில் எவ்வளவு காலம் தாங்குகிறது என்று அளத்தல் ஆகியவையே இத்துறையில் இன்னும் தீராத வேலைகள். இரண்டு கண்ணாடிகளும் உருகும் வெப்பநிலைகள் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அவற்றைப் பொருத்துவது இன்றும் கடினம். உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காக வைத்து அளக்க எங்களைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே?

பிரான்சில் வாழும் எங்கள் ஊரவர் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கு இரண்டு மாணவரை ரென்னுக்கு அனுப்பி, தூள் சுத்திகரிப்பில் பயிற்றி எடுக்கப் போதும். அதைச் செய்யாமல், நிலம் எடுத்து அடிக்கல் நாட்டும் திட்டத்தோடு யாராவது வந்தால், அவர்களிடம் மூன்றே விடயங்கள் கேட்க வேண்டும்: உங்கள் தூளில் இரும்பு நூறு கோடியில் எத்தனை பங்கு, அதை எந்த ஆய்வகம் அளந்தது, கழிவமிலம் எந்த ஊரில் எப்படி நடுநிலையாக்கப்படும். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கையொப்பம் இடக்கூடாது.